பசுத்தோல் போர்த்திய புலிகள்: எண்பதுகளின் டியூனிங் கார்கள்

1980களில் பட்டறைகள் மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் கார்களில் எது உசத்தி? பார்த்தால் ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் வேலை செய்யப்பட்டதா, அகன்ற மட்கார்டும் பெரிய இறக்கையுமாகத் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்ததா? கேள்வி இதுதான். "அவரவர் ரசனை" என்று ஒரு வரியில் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் ரசனைக்கு முன்னால் காற்றும் தகரமும் காசும் வருகின்றன. அவற்றை வைத்தே ஓரளவு தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் மொழியில் இதற்கு வார்த்தை தயாராக இருக்கிறது. பசுத்தோல் போர்த்திய புலி என்று வஞ்சகனைச் சொல்வோம். கார்ப் பைத்தியங்களுக்கோ அது பாராட்டு. புலித்தோல் போர்த்திய பசுவும் நமக்குப் பழக்கமான உருவம்தான். எண்பதுகளில் இரண்டு வகையும் நிறையவே வந்தன. கூடவே, புலித்தோலையே போர்த்திக்கொண்ட அசல் புலிகளும் சில இருந்தன. அவற்றால்தான் இந்த விவாதம் இன்னும் முடியாமல் இழுக்கிறது.

இந்தக் கதையில் பாதிக்கு மேல் மேற்கு ஜெர்மனியில் நடந்தது. அதற்குக் காரணம் ஆட்டோபான் என்ற அந்நாட்டு நெடுஞ்சாலை. அதன் பல பகுதிகளில் கட்டாய வேக வரம்பு கிடையாது; 1978 முதல் 130 கி.மீ. என்பது வெறும் பரிந்துரை. ஆகவே "என் கார் 280 போகும்" என்று ஒரு பட்டறைக்காரர் அளந்துவிட்டால், வாங்கியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். வேறு எந்த நாட்டிலும் டியூனருக்கு இப்படியொரு பரீட்சை வாய்க்கவில்லை.

அடக்கமான வகைக்கு உச்சம் எது என்று கேட்டால் யோசிக்காமல் ரூஃப் சி.டி.ஆர். என்பேன். பவேரியாவில் ப்ஃபாஃபன்ஹவுசன் என்ற சிற்றூர். அங்கே 1939-இல் தொடங்கிய ஒரு குடும்பப் பட்டறை. மகன் அலோய்ஸ் ரூஃப், போர்ஷே 911 ஒன்றைத் தவிர வேறெதையும் நினைக்காத மனிதர். 1981-இலேயே ஜெர்மன் அரசு அந்தப் பட்டறையைத் தனி உற்பத்தியாளராக ஏற்றுக்கொண்டுவிட்டது. 1987-இல் அவர் செய்த காரியத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவர் எதைச் செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அன்றைக்குப் போர்ஷேயில் வேகமான 911 என்றால் டர்போ என்ற மாடல். அகன்ற பின்புறமும் பெரிய வாலுமாக நிற்கும். அகலம் 1,775 மி.மீ. சாதாரண 911-ஆன கரேரா 1,652 மி.மீ. மட்டுமே. வேக கார் செய்யப் புறப்பட்ட எவரும் டர்போவின் உடலைத்தான் எடுப்பார்கள். ரூஃப் ஒல்லியான கரேராவின் உடலை எடுத்தார். பின் மட்கார்டைப் புதுச் சக்கரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் சற்றே உப்ப வைத்தார். கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வடிவதற்கென்று ஓடும் பள்ளத்தை வெட்டி எடுத்து, கூரை விளிம்பை வழவழப்பாக்கினார். கதவுகளும் போனட்டும் அலுமினியம். இன்ஜின் 3.4 லிட்டருக்கு வளர்ந்தது, இரண்டு டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), 469 குதிரைத்திறன். கியர்பாக்ஸும் அவர்களுடையதே. மொத்த எடை ஏறத்தாழ 1,150 கிலோ.

எதற்கு இந்த ஒல்லி உடல்? இங்கேதான் காற்று வருகிறது. கார் வேகமெடுக்க எடுக்க, காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 250-இல் போகும் காரை 340-க்குக் கொண்டுபோக, வேகத்தில் கூட்டுவது 36 சதவீதம்தான்; காற்றை வெல்ல வேண்டிய சக்தியோ ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்த இடத்தில் காரின் முகம் பத்து சதவீதம் அகலமானால், அதே வேகத்துக்கு இன்னும் பத்து சதவீதம் குதிரைத்திறனைத் தேடிப் பிடிக்க வேண்டும். மட்கார்டை அகலப்படுத்துவதும் இன்ஜினிலிருந்து சக்தியைப் பிடுங்கிக் காற்றுக்குத் தானம் செய்வதும் ஒன்றுதான். ரூஃப் அந்தத் தானத்தைச் செய்ய மறுத்தார்.

பலன் அந்த ஆண்டே தெரிந்தது. அமெரிக்காவின் ரோட் அண்ட் டிராக் பத்திரிகை, உலகின் வேகமான கார்களை ஃபோக்ஸ்வாகனின் எரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் ஒன்றாக ஓடவிட்டது. ஓட்டியவர்களில் முன்னாள் உலகச் சாம்பியன் ஃபில் ஹில்லும், பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பால் ஃப்ரேரும் உண்டு. போர்ஷே தன் வித்தையெல்லாம் கொட்டிச் செய்த 959-இன் அதிகாரபூர்வ வேகம் 317 கி.மீ. சிற்றூர்ப் பட்டறையிலிருந்து வந்த ஒல்லிக் கார் 339 கி.மீ. போனது. மறு ஆண்டு இத்தாலியின் நார்தோ வட்டத் தடத்தில் 342. அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த "யெல்லோபேர்டு" என்ற பெயர்தான் இன்று வரை நிற்கிறது. அடக்கத்துக்கு உதாரணமாக நான் சொல்லும் கார் எலுமிச்சை மஞ்சளில் மின்னுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த முரண் எனக்கும் தெரியும். நிறத்துக்கு எடை இல்லை, காற்றுத்தடையும் இல்லை என்பதால் மன்னித்துவிடலாம்.

அந்த காரை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஸ்டெஃபான் ரோசர் ஓட்டும் வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் பாருங்கள். காலில் பந்தயக் காலணிகூட இல்லை. அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி சாதாரண ஷூவும் வெள்ளை சாக்ஸும். ஒவ்வொரு வளைவிலும் பின்புறம் சறுக்கிக்கொண்டு போகிறது. அவர் கையோ மோர் கடைவதுபோல நிதானமாக ஆடுகிறது.

ரூஃபுக்கு ஒரு மாற்றுக் குறைந்தாலும் எனக்கு நெருக்கமானது அல்பினா. அதை நிறுவிய புர்கார்ட் போவன்சீப்பனின் அப்பா அல்பினா என்ற பெயரில் தட்டச்சு இயந்திரம் செய்தவர். மகன் பி.எம்.டபிள்யூ. 1500 காருக்கு இரட்டை வெபர் கார்புரேட்டர் தொகுப்பு செய்து விற்றார். அது சொன்னபடி உழைத்ததால், அதைப் பொருத்திய கார்களுக்கும் பி.எம்.டபிள்யூ. தன் உத்தரவாதத்தை நீட்டித்தது. 1965-இல் முறையாக நிறுவனம். பிறகு பூக்லோ என்ற ஊர். 1983-இல் இவர்களுக்கும் உற்பத்தியாளர் அந்தஸ்து. 1989-இல் வந்த பி10 பை-டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவு, பெரிய டிக்கி, குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகலாம். 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 360 குதிரைத்திறன், மணிக்கு 290 கி.மீ. பெரிய நிறுவனங்கள் தங்கள் கார்களை 250-இல் மின்னணுப் பூட்டுப் போட்டு நிறுத்தத் தொடங்கியிருந்த காலம் அது. மொத்தம் 507 கார்கள்தான் செய்தார்கள்.

அல்பினாவின் நளினம் சக்கரத்தில் தெரியும். இருபது மெல்லிய ஆரங்கள். காற்றடிக்கும் வால்வு வெளியே தெரியாது, நடுவிலுள்ள மூடிக்குள் ஒளிந்திருக்கும், அந்த மூடிக்கும் ஒரு பூட்டு. இத்தனை கூச்சம் உள்ளவர்கள் காரின் பக்கவாட்டில் பொன்னிறக் கோடுகளை ஏன் இழுத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கோடு வேண்டாம் என்று சொல்லி வாங்கவும் முடிந்தது. வேண்டாம் என்றவர்களின் காரைத்தான் நான் அதிகம் ரசிப்பேன். ஜெர்மனியில் டிக்கியின் மேல் இருக்கும் மாடல் எண்ணையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து வாங்கும் வழக்கமும் உண்டு. பக்கத்துத் தடத்தில் வருபவர் இது சாதாரண 518-ஆ, வேகமான எம்5-ஆ என்று தெரியாமல் குழம்பட்டும் என்பது அவர்கள் ஆசை.

ஏ.எம்.ஜி.யை இரண்டு பக்கத்திலும் வைக்க வேண்டும். ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்டும் எர்ஹார்ட் மெல்கரும் 1967-இல் தொடங்கிய பட்டறை. 1986-இல் மெர்சிடிஸ் 300 ஈ என்ற அமைதியான குடும்பக் காரிலிருந்து மூன்று லிட்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு நான்கு வால்வு என்று தாங்களே செய்த ஹெட் கொண்ட 5.5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினை இறக்கினார்கள். ஏறத்தாழ 190 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 360. அதற்கு "ஹாம்மர்" என்று பெயர் வந்தது, சுத்தியல்தான். அந்த மெர்சிடிஸின் உடல் இயல்பிலேயே காற்றை அழகாகக் கிழிக்கும், அதில் ஏ.எம்.ஜி. கையை அதிகம் வைக்கவில்லை. கீழே பாவாடை போலச் சில விளிம்புகள், பின்னால் உதடு போல ஒரு சிறு விளிம்பு, அவ்வளவே. குரோமையும் உடலின் நிறத்திலேயே அடித்துவிட்டார்கள். குரோம் மின்னுவதே பணக்காரத்தனமாக இருந்த காலத்தில் அதை அழித்ததே ஒரு ஆர்ப்பாட்டமாகிப் போனது வேறு விஷயம். முழுக் கறுப்பில் நிற்கும் ஒரு ஏ.எம்.ஜி., எந்த இறக்கையும் இல்லாமலே ஆளை மிரட்டும். அதே பட்டறைதான் மெர்சிடிஸின் இரண்டு கதவு எஸ்.ஈ.சி.க்கு முறுக்கேறிய தோள் மாதிரி அகன்ற மட்கார்டும் வைத்து விற்றது.

இனி எதிர்க்கட்சி. இவர்களைக் கேலி செய்வதற்கு முன்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அகன்ற மட்கார்டும் தட்டை மூக்கும் பந்தயத்திலிருந்து வந்தவை. 1976-இல் போர்ஷேயின் 935 என்ற பந்தய கார் (911-இன் வழி வந்தது) குரூப் 5 என்ற பந்தய வகையில் இறங்கியது. மட்கார்டின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இடம் கொடுத்தது. 911-இன் ஹெட்லைட் மட்கார்டில்தானே இருக்கிறது? அதைக் கீழே பம்பருக்கு இறக்கிவிட்டு மூக்கைச் சரித்துவிடலாமே என்று விதியைப் படித்தார் நோர்பர்ட் சிங்கர் என்ற பொறியாளர். காரின் முன்புறம் காற்றில் மேலெழுவது குறைந்தது. 1979-இல் கிரெமர் சகோதரர்களின் 935 கே3 லு மானையே வென்றது. அதன் உடலைச் செய்த எக்கெஹார்ட் ட்ஸிம்மர்மான், டிபி என்ற பெயரில் அதே மூக்கைச் சாலைக் கார்களுக்கும் வைத்துக் கொடுத்தார். பிறகு போர்ஷேயும் தன் தனி விருப்பப் பிரிவில் தட்டை மூக்கு டர்போவை விற்றது. ஆக, அந்த மூக்கை வெறும் ஒப்பனை என்று தள்ள முடியாது. சிங்கப்பூரிலோ மார்பெல்லாவிலோ ஹோட்டல் வாசலில் முப்பது கி.மீ. வேகத்தில் ஊர்ந்த தட்டை மூக்குகளுக்கு அது என்ன செய்தது என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் கிடையாது.

ஃபெராரி டெஸ்டரோசாவின் பக்கவாட்டுக் கோடுகள் கதையும் இப்படித்தான். 1984-இல் ஃபெராரி ரேடியேட்டர்களைப் பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் வைத்தது. அவற்றுக்குக் காற்றுப் போக வேண்டும். அந்தப் பெரிய வாயை மூடும் சட்டங்கள்தான் கதவு நெடுக ஓடும் கோடுகள். பார்த்தவர்களுக்கு வேலை தெரியவில்லை, அழகு மட்டும் தெரிந்தது. பிறகென்ன, லேயோன்பெர்க்கில் ஊவே கெம்பாலா என்ற டியூனர் 911-க்கு அந்தக் கோடுகளை வைத்தார். அன்றைய 911-இன் இன்ஜின் காற்றாலேயே குளிர்வது. பக்கவாட்டில் ரேடியேட்டரே கிடையாது. மியூனிக்கின் கேனிக் ஸ்பெஷல்ஸ் பட்டறை, ரேடியேட்டர் முன்னால் இருக்கும் மெர்சிடிஸ் எஸ்.ஈ.சி.க்கே அவற்றை ஒட்டியது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, அதே கேனிக் தன் டெஸ்டரோசாவிலிருந்து கோடுகளைக் கழற்றிவிட்டுத் திறந்த வாயாக விட்டதுதான். வேண்டிய இடத்தில் எடுத்து வேண்டாத இடத்தில் வைத்தார்கள்.

ஆனால் அதன் முதலாளி வில்லி கேனிக்கைப் புலித்தோல் போர்த்திய பசு என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவர் ஃபெராரியில் பந்தயம் ஓட்டியவர். விட்டோரியோ ஸ்ட்ரோசெக் வரைந்த அந்த அகன்ற உடலுக்கு அடியில், பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரி இன்ஜினில் இரண்டு டர்போ வைத்தார். தொழிற்சாலை தந்தது 390 குதிரைத்திறன். கேனிக்கின் கடைசி வடிவங்களுக்கு 1,000 என்று விளம்பரம். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாதியை நம்பினாலும் அத்தனை சக்தியைத் தரையில் இறக்க அகன்ற டயர் வேண்டும். அகன்ற டயரை மூட அகன்ற மட்கார்டு வேண்டும். இங்கே அகலத்துக்குக் காரணம் இருந்தது. அந்த அகலமே மறுபடி காற்றில் மோதி வேகத்தைத் தின்றது என்பது வேறு கதை.

அசல் புலித்தோல் பசுக்களைத் தேட வேண்டுமானால் மெர்சிடிஸை மாற்றிய சில பட்டறைகளுக்குப் போக வேண்டும். 1973-இலும் 1979-இலும் எண்ணெய் விலை ஏறியபோது வளைகுடாவில் பணம் கொட்டியது. ஹாம்பர்கின் எஸ்.ஜி.எஸ். என்ற பட்டறை, 500 எஸ்.ஈ.சி.யின் கூரையை அறுத்து, ஐம்பதுகளின் 300 எஸ்.எல். போலச் சிறகுக் கதவு வைத்தது. உள்ளே தொலைக்காட்சி, தொலைபேசி, தங்க முலாம், கேட்ட நிறத்தில் தோல். வாங்கியவருக்கு இன்ஜின் இரண்டாம் பட்சம். 1986-இல் எண்ணெய் விலை சரிந்ததும் இந்த வியாபாரமும் வாடிப்போனது. இவற்றை நான் வெறுக்கவில்லை. நகைக்கடை வேலை மாதிரி பார்த்தால் கைத்திறன் அபாரம். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லும்போதுதான் நெருடுகிறது.

அமெரிக்காவிலிருந்து ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன், அது என் தராசையே கொஞ்சம் ஆட்டிவிடும். கனெக்டிகட்டின் ரீவ்ஸ் கேலவே 1988-இல் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை "ஸ்லெட்ஜ்ஹாம்மர்" ஆக்கினார். பால் டாய்ச்மன் வரைந்த உடல். எந்த ஊர்ச் சாலையிலும் கண்ணை உறுத்தும். இரண்டு டர்போ, ஏறத்தாழ 900 குதிரைத்திறன். கனெக்டிகட்டிலிருந்து ஓஹயோவின் சோதனைத் தடம் வரை சாதாரண நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே போனார்கள். அக்டோபர் 26 அன்று ஜான் லிங்கன்ஃபெல்டர் அதில் மணிக்கு 410 கி.மீ. தொட்டார். பிறகு அதே காரை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். ஏ.சி. உட்பட எல்லாம் இருந்தபடியே. அந்த உடலின் ஒவ்வொரு வளைவும் காற்றுக்காகவே வரையப்பட்டது. பார்க்க ஆர்ப்பாட்டம்; வேலையில் ரூஃபுக்குச் சொந்தக்காரன்.

ஆகவே என் தராசு இது: வெளியே மாற்றிய ஒவ்வொன்றையும் காட்டி "இது எதற்கு?" என்று கேட்பேன். டயருக்கு, ரேடியேட்டருக்கு, பிரேக்குக்கு, காற்றுக்கு என்று பதில் வந்தால், அது எத்தனை கூச்சல் போட்டாலும் எனக்குச் சம்மதம். அப்படிக் கேட்டுப் பார்த்தால் ரூஃப் முதலில், அல்பினா அடுத்து, ஹாம்மரும் ஸ்லெட்ஜ்ஹாம்மரும் தோளோடு தோளாக, கேனிக் டெஸ்டரோசா கொஞ்சம் தள்ளி. கேனிக்கின் கோடு போட்ட எஸ்.ஈ.சி. பட்டியலிலேயே இல்லை. சிறுவயதில் நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தது எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாங்கும் எண்ணத்தில் கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரூஃபில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்: ரூஃபே கட்டிய கார்களில் அது டபிள்யூ09 என்று தொடங்கும். போர்ஷே எண்ணோடு வந்து, பிற்பாடு ரூஃப் பாகங்கள் ஏறிய கார்களும் உண்டு. அவையும் நல்ல கார்கள்தான், விலை மட்டும் வேறு. அல்பினாவில் எண் பொறித்த தகட்டையும் பழைய ரசீதையும் ஒத்துப் பாருங்கள். கோடும் சக்கரமும் கடையில் கிடைக்கும்.

அகன்ற உடல் கார் என்றால் துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் போங்கள். எஃகு உடலில் எங்கே ஒட்டாமல் விழுகிறதோ அங்கே ஃபைபர் கிளாஸ் தொடங்குகிறது; அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்த எல்லையில் பெயிண்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். அசல் மட்கார்டை அறுத்த விளிம்பைச் சிலர் ஒழுங்காக மூடிப் பூசினார்கள், சிலர் அப்படியே விட்டார்கள். நாற்பது ஆண்டுத் துரு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தொண்ணூறுகளில் இந்த அகன்ற உடல்களைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பலர் அவற்றைப் பிய்த்துப் போட்டுவிட்டு, காசு செலவழித்துக் காரை அசலுக்குத் திருப்பினார்கள். இப்போது அதே ஃபைபர் கிளாஸ் துண்டுகளைத் தேடி அலைகிறார்கள்.